ஷரபு வாசித்த கடிதம்

9

போன வியாழக்கிழமை வந்த நீல ஏர்மெயில் கடிதத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு மாத மௌனத்துக்குப் பிறகு பினாங்கிலிருந்து சபியுல்லா போட்டது. தேவகோட்டையில் அவருடைய மனைவி சுபைதா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். பத்து வயது மகள் ஷரபுன்னிசா விரலை ஓட்டி ஓட்டி வாசித்தாள்.

'நான் இங்கு நலம். நல்ல மழை. வேலை ஜாஸ்தி, அதனால்தான் எழுதவில்லை. வருகிற பெருநாளைக்கு ஊருக்கு வருவேன்.'

அதில் ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. என்ன இருக்கிறதென்று ஷரபுவுக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட அவளுக்கு வாசிக்க வராது.

வராது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டால் பாதிக்கு மேல் சொல்லிவிடுவாள். அவை சேர்ந்து வரிசையாக நின்றால்தான் வம்பு. மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து நழுவிவிடும். திரும்பிப் போய் அதை எடுத்து வந்தால் மூன்றாவதைக் காணோம். மற்றப் பிள்ளைகள் தெருவில் நடப்பதுபோல் நடந்து போகிற ஒரு வரியில், அவள் மட்டும் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். வரியின் கடைசிக்கு வரும்போது கை ஈரமாக இருக்கும். தண்ணீர் இருக்காது.

1969-ஆம் வருஷத்தில் அதற்கு ஊரிலிருந்த ஒரே பெயர் 'மக்கு'. ஆனால் மக்குப் பிள்ளை இத்தனை கடிதங்களை எப்படிச் சமாளித்தது?

கடிதம் என்பதும் ஒரு கட்டுமானம்தான். முதலில் ஸலாம். அடுத்து 'நான் நலம், உங்கள் நலம் அறிய ஆவல்'. அப்புறம் மழை, வெயில், உடம்பு. நடுவில் ஒரு செய்தி. கடைசியில் துஆ என்கிற வேண்டுதல். முன்பெல்லாம் தபால்காரர் சின்னக்கருப்பு வாசலில் நின்று வாசித்துச் சொன்ன கடிதங்களைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சட்டம் ஷரபுவுக்கு மனப்பாடம். நடுவில் ஒரு செய்தியை வைத்தால் போதும்.

சின்னக்கருப்பு நல்ல மனிதர். குரல்தான் பெரிது. 'உன்னை நினைத்தால் தூக்கம் வருவதில்லை' என்ற வரியையும் அதே குரலில் வாசித்துவிட்டார். ஒரு மாதம் குழாயடியில் சுபைதாவைப் பார்த்து, "என்னக்கா, மச்சான் தூங்குனாகளா?" என்று கேட்டார்கள். அதோடு சுபைதா தீர்மானித்துவிட்டாள்: இனி என் மகள் வாசிப்பாள். வெளியாள் யாரும் வேண்டாம்.

அம்மாவின் முகத்தில் அன்று வந்த பெருமையைப் பார்த்த பிறகு, எனக்கு வராது என்று எந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்?

வியாழக்கிழமை இன்னொன்றும் நடந்தது. கடிதத்தைப் பிரித்ததும் ஷரபுவுக்கு ஒன்று கண்ணில் பட்டது. அத்தா சபியுல்லாவின் எழுத்துகள் காற்றடித்த நாற்றுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இதில் எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஆனால் எழுத்து விஷயத்தில் அவள் கண்ணை அவளே நம்புவதில்லை. அதனால் சொல்லவில்லை.

இன்று திங்கட்கிழமை.

*

தேனம்மை டீச்சரின் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். தமிழ்ப் பாடத்தில் ஆளுக்கொரு பத்தியாக எழுந்து வாசிக்க வேண்டும். முதல் பெஞ்சின் இடது ஓரத்தில் தொடங்கி வரிசையாக வரும், பாடம் தீர்ந்தால் மறுபடி முதல் பத்தியிலிருந்து.

இந்த ஒழுங்குதான் ஷரபுவைக் காப்பாற்றி வந்தது. எந்தப் பத்தி தனக்கு விழும் என்று எண்ணி வைத்துக்கொள்வாள். இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பக்கத்து இருக்கை மீனாள் அந்தப் பத்தியை அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். இரண்டு தடவை கேட்டால் போதும், புள்ளி கமா உட்பட மனத்தில் ஏறிவிடும். பதிலுக்கு மீனாளின் பென்சிலைச் சீவித் தருவது, வீட்டிலிருந்து ரிப்பன் துண்டு கொண்டுவருவது எல்லாம் ஷரபு. யாராவது வராத நாளில் கணக்குத் தப்பும். அதற்கு வயிற்றுவலி இருக்கிறது. டீச்சர் கரும்பலகை துடைக்க ஆள் தேடினால் முதலில் எழுகிறவளும் அவள்தான். எழுந்து நிற்கிற பிள்ளையை யாரும் எழுந்து வாசி என்று சொல்ல மாட்டார்கள்.

இப்படி ஒரு நாளைத் தள்ளுவதற்கு அவள் செய்கிற வேலையில் கால்வாசிகூட வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கிடையாது.

இன்றைக்குத் தேனீ பாடம். ஷரபுவுக்கு விழுவது நாலாவது பத்தி. தயாராக இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வாராரு," என்றார் டீச்சர் உள்ளே வந்ததும். "தேனீய விடுங்க. அவரு புதுப் பாடந்தான் கேப்பாரு. கலங்கரை விளக்கம் எடுங்க. இன்னைக்குக் கடைசி பெஞ்சுலருந்து. ஷரபுன்னிசா, எந்திரி."

அவள் எழுந்தாள். புத்தகத்தை உயர்த்தினாள். பக்கத்தில் ஒரு கோபுரப் படம். சுற்றி எழுத்துகள், எறும்புகள்போல்.

வயிற்றுவலி என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"தேன் கூட்டில் ஆயிரக்கணக்கான அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஆறு சுவர்கள்..."

வகுப்பு முதலில் அமைதியாக இருந்தது. பிறகு முன் பெஞ்சில் ஒருவன் "ங்ங்ங்ங்" என்று ரீங்கரித்தான். அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வந்தது. நாற்பது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டே ரீங்கரித்தால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் சத்தம் மட்டும் தெரியும்.

மீனாளும் ரீங்கரித்தாள்.

"போதும்!" டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டினார். ஷரபுவிடம் வந்து புத்தகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தன நாளா இப்புடித்தானா?"

ஷரபு புத்தகத்தை மூடினாள்.

"உக்காரு," என்றார், கோபமில்லாமல். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மதிய இடைவேளையில் ஷரபு தொட்டிப் பக்கம் போகவில்லை. மீனாளே வந்தாள்.

"இனிமே என்கிட்ட வராத. எல்லாரும் என்னையும் சேத்துத் தேனீங்குறாக."

"நீயுந்தான சத்தம் போட்ட."

"போடாட்டி என்னைய விடுவாகளா?"

நியாயமான கேள்விதான். ஷரபு தலையாட்டினாள். மணி அடிக்கும்வரை சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, தலைமை ஆசிரியரின் சைக்கிள் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். பெடல் ஒரு சுற்று வந்தால் பின் சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் போகிறது. பெடலைப் பின்னால் சுற்றினால் சங்கிலி மட்டும் ஓடுகிறது, சக்கரம் கண்டுகொள்வதில்லை. ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்லத்தான் ஆளில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்தில் ஒரு தடுமாற்றம்.

"அடிநூல் தீரப்போகுது," என்றாள் ஷரபு, பையை மாட்டியபடியே.

சுபைதா தகட்டை நகர்த்திப் பார்த்தாள். தீரத்தான் போகிறது. "நீ இல்லாட்டி நான் வெறும் ஊசியத்தான் ஓட்டிக்கிட்டு இருப்பேன்," என்று சிரித்தாள்.

மேல்நூல் எவ்வளவு ஓடினாலும் கீழே அடிநூல் அதைப் பிடித்துக்கொண்டால்தான் தையல் விழும். இல்லாவிட்டால் துணியில் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கும். தைத்தது போலவே தெரியும். இழுத்தால் கையோடு வந்துவிடும். ஷரபு பாபினில் நூல் சுற்றத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லவில்லை.

வெளியே யாரோ கனைத்தார்கள்.

"அக்கா, இருக்கீகளா? அபுதாஹிர் வந்திருக்கேன்."

பக்கத்துத் தெரு அபுதாஹிர். அவருடைய தம்பியும் பினாங்கில் சபியுல்லா இருக்கும் அதே மர மில்லில் வேலை பார்க்கிறான். சுபைதா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வாங்க தம்பி. என்ன விசேஷம்?"

"என்னக்கா, என்னையக் கேக்கீக? மச்சான் எழுதலையா? பெர்மிட்டு முடிஞ்சு போச்சுன்னு எல்லாரையும் அனுப்புறானாம். தம்பியும் மச்சானும் ஒரே கப்பல்ல வாராக. புதன்கிழமை காலையில நாகப்பட்டினம். தம்பி கடுதாசி இன்னைக்குத்தான் வந்துச்சு. 'வெவரமெல்லாம் சபியுல்லா அண்ணன் வீட்டுக்கு எழுதியிருக்காரு'ன்னு போட்டிருக்கான்."

பாபின் ஷரபுவின் கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது.

"புதன்கிழமையா?" என்றாள் சுபைதா. "பெருநாளைக்குன்னுல்ல எழுதியிருந்தாக."

"அப்ப அது பழைய கடுதாசியா இருக்கும். இங்குட்டுக் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்."

கதவிடுக்கில் ஒரு கை நீண்டது. சுபைதா அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பி மகளைப் பார்த்தாள். ஷரபுவின் முகத்தில் என்ன இருந்ததோ, பார்வையை எடுக்க வெகு நேரமாயிற்று.

"பெட்டியில வச்சிருக்கேன் தம்பி. சாவிய எங்கயோ வச்சுட்டேன். தேடிப் பாத்துட்டு நாளைக்குச் சொல்லி விடுறேன்."

"நாளைக்கு மத்தியானப் பஸ்ஸுல காரைக்குடி போயி ரயிலப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும். தம்பிய அழைக்க நான் போறேன். மச்சானுக்கு ஏதும் வேணும்னா காலையிலயே சொல்லிருங்க."

செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது. பெட்டிச் சாவி சுபைதாவின் இடுப்பில்தான் இருந்தது. அவள் பெட்டியைத் திறந்து, குர்ஆனைச் சுற்றியிருந்த துணிக்குக் கீழேயிருந்து நீலக் கடிதத்தை எடுத்தாள்.

"வாசி."

ஷரபு வாசித்தாள். விரல் வரிமேல் ஓடியது. "அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு நலம். மழை கொஞ்சம் குறைவு. பெருநாளைக்கு..."

"நிறுத்து."

நிறுத்தினாள்.

"வியாழக்கிழமை நல்ல மழைன்னு இருந்துச்சு. இப்ப கொறைஞ்சுபோச்சு."

வாசிக்கத் தெரியாதவர்களிடம் பொய் சொல்வது எளிது என்று நினைப்போம். எழுத்தை நம்புகிறவர்கள்தான் எளிதில் மறக்கிறார்கள், தாள் பத்திரமாக இருக்கிறதே என்று. சுபைதாவுக்குத் தாள் கிடையாது. காதில் விழுந்தது விழுந்தபடி இருக்கும்.

"அம்மா..."

"நீ சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்."

"எப்புடி?"

சுபைதா மகளின் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். "நெசமா வாசிக்கிறவுக வெரலு நிக்கும். புரியலன்னா திரும்பிப் போகும். உன் வெரலு நிக்கவே இல்ல. ஆத்துத் தண்ணி மாதிரிப் போச்சு." தன் விரலையும் நீட்டிக் காட்டினாள். "என் வெரலும் நிக்காது."

ஷரபுவுக்கு விளங்கவில்லை.

"காலையில குர்ஆன் ஓதுறேன்ல. எனக்கு எழுத்துத் தெரியாது புள்ள. ஓதுற பள்ளியில மத்த பிள்ளைக ஓதுறதக் காதுல வாங்கிக்குவேன். அவுக தாளைத் திருப்புனா நானும் திருப்புவேன். ஓதிக்குடுக்குற அசரத்து கேட்டா முழுசும் சொல்லிருவேன். எழுத்தத் தொட்டுக் காட்டி இது என்னன்னு கேட்டா மட்டும் முழிப்பேன். அதுக்கு வாங்குன அடி இந்தா, இன்னும் முட்டியில இருக்கு. உங்க அத்தாவுக்குக்கூடத் தெரியாது."

தினமும் விடியலில் இருவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். ஒருத்தி ஓதினாள். ஒருத்தி பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் நாலடிகூட இருக்காது.

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றாள் ஷரபு. அழுகையைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது.

"நீ சொன்னது நல்லா இருந்துச்சு," என்றாள் சுபைதா. "ரெண்டு மாசமா ஒண்ணுமே வரலையே. நல்லதாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். உன் மேல மட்டும் தப்பில்ல."

கடிதம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அபுதாஹிரிடம் கொடுக்கலாம். நாளை அந்தத் தெரு முழுக்கத் தெரியும். சின்னக்கருப்பிடம் கொடுத்தால் இந்தத் தெருவுக்கு.

"மீனாள் வாசிப்பா," என்றாள் ஷரபு.

"உன் சினேகிதப் புள்ளையா? அது நல்ல புள்ளையாச்சே. பொழுது இறங்குறதுக்குள்ள போயிட்டு வா."

அம்மாவுக்குத் தேனீக் கதை தெரியாது. ஷரபு அதையும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துப் பாவாடைச் செருகலில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

மீனாள் வீட்டுக்கு இரண்டு தெரு. அந்தத் தெருக்களில் பெரிய வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும், கல்யாணம் திருவிழாவுக்குத்தான் திறப்பார்கள். பூட்டிய வீட்டுச் சுவரோரமாக நடந்தால் தன் செருப்புச் சத்தம் தனக்கே இன்னொருத்தி பின்னால் வருவதுபோல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

வாசலில் மீனாளின் தம்பி, ஆறு வயசு, பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். ஷரபுவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு "ங்ங்ங்ங்" என்றான்.

ஆக, வீட்டிலும் சொல்லியாகிவிட்டது.

ஷரபு திரும்பினாள். நாலு எட்டு வைத்தாள். செருகலில் கடிதத்தின் மூலை குத்தியது. புதன்கிழமை அத்தா இறங்குகிறார். வெவரமெல்லாம் எழுதியிருக்கிறார். அது இங்கே இடுப்பில் இருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

மறுபடி வாசலுக்கு வந்தாள்.

"உங்க அக்காவக் கூப்புடு."

மீனாள் வந்தாள். ஈரத் தலை, கையில் சீப்பு. "என்ன?" என்றாள், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு.

"இத வாசிக்கணும்."

"அதான் பாடத்துக்கெல்லாம் வராதன்னு..."

"பாடமில்ல. எங்க அத்தா எழுதுனது. எங்க அம்மாகிட்ட நானாக் கதை கட்டிச் சொல்லிட்டேன்." அடுத்ததை அவள் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. மீனாளிடம்கூட 'எனக்குக் கண்ணு வலிக்குது, வாசிச்சுக் காட்டு' என்றுதான் ஆரம்பித்தது. "எனக்கு வாசிக்கத் தெரியாது மீனா. சுத்தமா வராது. முயற்சி பண்ணாமலும் இல்ல."

தம்பி மறுபடி ரீங்கரித்தான். மீனாள் சீப்பால் அவன் தலையில் ஒன்று போட்டாள். "உள்ள போடா."

ஏர்மெயில் கடிதத்துக்கு உறை கிடையாது. தாளே மூன்றாக மடிந்து உறையாகும். எழுத இடம் போதாதவர்கள் மடிப்பின் உட்பக்கத்திலும் நெருக்கி எழுதுவார்கள். மீனாள் அதைத் திருப்பித் திருப்பி ஆரம்பத்தைக் கண்டுபிடித்தாள்.

"இது உங்க அத்தா எழுத்தில்லையே," என்றாள்.

அப்படியானால் ஷரபுவின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

"தெரியும். வாசி."

மீனாள் வாசித்தாள். இரண்டாவது வரியில் அவள் விரல் நின்றது. திரும்பிப் போனது. பிறகு தாழ்ந்த குரலில் தொடர்ந்தாள்.

'அஸ்ஸலாமு அலைக்கும். இதை எனக்காக மேஸ்திரி மெய்யநாதன் எழுதுகிறார். பயப்படாதே. மில் மிஷின் பட்டையில் மாட்டி என் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது ஆறிவிட்டது. பெர்மிட்டும் முடிந்தது. புதன்கிழமை காலை நாகப்பட்டினத்தில் இறங்குகிறேன். நீயும் ஷரபுவும் வர வேண்டும். ஊரார் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் இருவரும் பார்த்துவிட்டால் எனக்குத் தைரியமாக இருக்கும். இனி என் எழுத்து வேலைக்கெல்லாம் ஷரபு கைதான் என் கை. அவள் படிக்கிறாள் என்பதுதான் இங்கே எனக்கு ஆறுதலாக இருந்தது.'

தெருவில் ஒரு மாட்டுவண்டி போயிற்று.

"ஷரபு, நான் காலையில..."

"இன்னொரு தடவ வாசி. மெதுவா."

மீனாள் வாசித்தாள். இரண்டாவது தடவையே ஷரபுவின் உதடுகள் கூடவே அசைந்தன. முடிந்ததும் கடிதத்தைப் பார்க்காமல் அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மீனாள் வரி வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

"ஒரு வார்த்தகூடத் தப்பல," என்றாள் வியப்பாக. ஷரபு கடிதத்தை அதன் மடிப்புகளின்படியே மடித்து வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வருவியா?"

"நாளைக்கு நாகப்பட்டினம் போறோம்," என்றாள் ஷரபு. அம்மா இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. செய்வதற்கு வேண்டியது இப்போது ஷரபுவிடம்தான் இருந்தது.

*

சுபைதா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். மிஷின்மேல் துணி பாதித் தையலோடு தொங்கியது.

ஷரபு கடிதத்தை அம்மாவின் கையில் வைத்தாள். விரலை அதன்மேல் வைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லையும் சேர்க்காமல் ஆரம்பித்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இதை எனக்காக மேஸ்திரி மெய்யநாதன் எழுதுகிறார். பயப்படாதே. மில் மிஷின் பட்டையில் மாட்டி..."

குரல் நின்றது.

சுபைதா காத்திருந்தாள். கடிதம் இல்லாத கையால் மகளின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"நின்னுட்டியே," என்றாள். "அப்ப இது நெசந்தான். சொல்லு புள்ள."